இரண்டாயிரம் கோடி டாலர் கம்பெனி

வர்ஜீனியாவில் இருக்கும் சித்தப்பா மகனை ஒரு சின்ன ஐடி கம்பெனி வேலைக்கு அழைத்திருக்கிறது. நாற்பது பேர்தான். அமெரிக்க மத்திய அரசின் செலவுக் கணக்கைக் காட்டும் யுஎஸ்ஏஸ்பெண்டிங் தளத்தில் அதன் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதினான்: "அண்ணா, 2,000 கோடி டாலர் ஒப்பந்தம்! கண்ணை மூடிக்கொண்டு சேரலாம்தானே?"

கண்ணைத் திற என்றேன்.

அந்தத் தொகை உச்சவரம்பு, அதாவது கூடிப்போனால் அரசு எவ்வளவு வரை தரலாம் என்ற எல்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் ஐடி வேலைகளுக்காக 2012இல் தொடங்கிய சிஐஓ-எஸ்பி3 போன்ற பெரிய ஒப்பந்தங்களில் ஏராளமான கம்பெனிகள் இடம்பெற்றிருக்கும். திருவிழாவில் கடை போட இடம் கிடைத்த மாதிரிதான். வியாபாரம் நடக்குமா என்பது வேறு கதை. ஒவ்வொரு வேலைக்கும் மறுபடி போட்டியிட்டு வெல்ல வேண்டும். அரசு உண்மையில் ஒதுக்கிய தொகையைப் பார்க்கச் சொன்னேன். பதினொரு லட்சம் டாலர்.

அதற்காக அந்தக் கம்பெனியை நான் மட்டமாக நினைக்கவில்லை. முதலில் ஓராண்டு, பிறகு அரசு விரும்பினால் ஒவ்வோர் ஆண்டாக நீட்டிப்பு என்றுதான் பல ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. அவர்களுடைய சிறு ஒப்பந்தம் ஒன்று நான்கு முறையும் நீட்டிக்கப்பட்டிருந்தது. என் கணக்கில் அந்த நான்கு நீட்டிப்புப் பதிவுகளுக்குத்தான் மதிப்பு. நடுவே ஒரு கழித்தல் தொகையைப் பார்த்துத் தம்பி பதறினான். செலவாகாத பணத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான் பதிவாகும்.

(சிறு கம்பெனி என்றதும் பெட்டிக்கடையை நினைக்க வேண்டாம். கணினி அமைப்பு வடிவமைப்புப் பிரிவில் சராசரி ஆண்டு வருவாய் 3.4 கோடி டாலர் வரை இருந்தாலும் அந்த அரசின் பார்வையில் சிறியதுதான்.)

இந்தத் தளமே பெரிய விஷயம். 2006இல் டாம் கோபர்ன், ஒபாமா என்ற எதிரெதிர்க் கட்சி செனட்டர்கள் சேர்ந்து கொண்டுவந்த சட்டத்தால் பிறந்தது. ஆனால் அது சொல்லாமல் விடுவதுதான் எனக்கு எரிச்சல். வேலை எப்படி நடந்தது என்று அதிகாரிகள் தரும் மதிப்பீடு பொதுமக்கள் பார்வைக்கு வராது. துணை ஒப்பந்தங்களிலும் முதல் படிக்கு மேல் கணக்குக் கேட்பதில்லை. இரண்டாம் படியில் மூன்றாண்டு உழைத்தவன் நான். இரவெல்லாம் விழித்து நிரல் திருத்தியது எங்கள் ஆறு பேர் குழு. பதிவில் இருப்பது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கம்பெனியும் அதற்கு அடுத்த கம்பெனியும். எங்கள் கம்பெனியின் பெயரைத் தேடினால் ஒரு பைசா காட்டாது. அதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அரசு வேலையில் முன்னனுபவம் இல்லையே" என்று பிறகு ஓர் இடத்தில் கேட்டார்கள்.

ஆகவே தம்பியை இரண்டே கேள்வி கேட்கச் சொன்னேன். எந்த ஒப்பந்தத்தின்கீழ் எனக்குச் சம்பளம் வரும்? அதன் நடப்பு ஆண்டு என்றைக்கு முடிகிறது?

கேட்டிருக்கிறான். பதிலாக அந்த 2,000 கோடிப் பக்கத்தையே வண்ணத்தில் அச்சிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.