பொம்பெயியில் மிச்சமிருப்பதைத் தோண்ட வேண்டாம்

இத்தாலி போய்த் திரும்பியதிலிருந்து, எரிமலையில் புதைந்த பழைய ரோம நகரமான பொம்பெயி பற்றிப் பேச்சு வந்தாலே நண்பர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள்: "இன்னும் முழுதாகத் தோண்டி முடிக்கவில்லையாமே, ஏன்?" உண்மைதான். 1748இல் தொடங்கிய அகழாய்வு அது. சுமார் 66 ஹெக்டேர் பரப்புள்ள நகரத்தில் ஏறத்தாழ 22 ஹெக்டேர் இன்னமும் மண்ணுக்கு அடியில்தான் கிடக்கிறது. கேட்பவர்களின் குரலில் ஒரு மனக்குறை இருக்கிறது. எனக்கு அந்தக் குறை இல்லை. மிச்சமிருக்கும் அந்த மூன்றில் ஒரு பங்கை நம் தலைமுறை தொடக்கூடாது என்றே நினைக்கிறேன். அங்கே நடந்த பிறகு இந்த எண்ணம் உறுதியாகிவிட்டது.

நேப்பிள்ஸிலிருந்து உள்ளூர் ரயிலில் போய் இறங்கினால் நுழைவாயில் பக்கத்திலேயே இருக்கிறது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிய ஊர் என்று பள்ளியில் படித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் உள்ளே நுழைந்ததும் எரிமலை மறந்துபோகிறது, ஊர்தான் கண்ணில் படுகிறது. எரிமலைக் கல் பாவிய தெருக்களில் வண்டிச் சக்கரங்கள் அரைத்த தடங்கள் ஆழமாக ஓடுகின்றன. தண்ணீரும் கழிவும் ஓடிய தெருவைக் கால் நனையாமல் கடக்க, நடுவே உயரமான கற்களைப் போட்டிருக்கிறார்கள். அவற்றுக்கு இடையில் சக்கரம் போக இடம் விட்டிருக்கிறார்கள். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிகளின் விளிம்பு, குனிந்து குடித்தவர்கள் கை ஊன்றி ஊன்றிப் பள்ளமாகியிருக்கிறது. அந்தப் பள்ளத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை.

தேர்தல் விளம்பரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்னாரைத் தேர்ந்தெடுங்கள் என்று பழ வியாபாரிகள் கேட்டுக்கொண்டது, தட்டார்கள் கேட்டுக்கொண்டது, சலவைத் தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டது எல்லாம் பொம்பெயியின் சுவர்களில் வண்ணத்தில் எழுதப்பட்டிருந்தன. ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவற்றில் பலவற்றை இன்று புத்தகத்தில்தான் படிக்க முடியும். கண்டெடுத்தபோது யாரோ அக்கறையோடு படியெடுத்து வைத்ததால் வாசகம் தப்பியது. சுவரில் இருந்த எழுத்து வெயிலிலும் மழையிலும் உதிர்ந்துவிட்டது. சாம்பலுக்கு அடியில் பதினாறு நூற்றாண்டுகளுக்கும் மேல் பத்திரமாக இருந்த வண்ணம், வெளிச்சத்துக்கு வந்த சில பத்தாண்டுகளில் போய்விட்டது.

என் வாதத்தின் அடிப்படை இதுதான். அழித்தது எரிமலை, மீட்டது அகழாய்வு என்று நாம் நினைக்கிறோம். அந்த ஊரின் சுவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்லும். மேலே மண் இருந்தவரை அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. மண்ணை அகற்றிய பிறகுதான் மழை, வேர், உப்பு, பறவை எச்சம், கோடிக்கணக்கான காலடிகள் என்று எல்லாம் வந்தன. 1943இல் நேச நாட்டு விமானங்கள் 160க்கும் மேற்பட்ட குண்டுகளை அந்த இடத்தில் போட்டன. 1980இல் நிலநடுக்கம். 2010 நவம்பர் 6 அன்று, கிளாடியேட்டர் வீடு என்று மக்கள் அழைக்கும் கட்டடம் இடிந்து தரைமட்டமானது. அது போரில் சேதமாகிப் பிறகு கான்கிரீட் கூரை போட்டுச் சீரமைத்த கட்டடம். அந்தக் கனத்தோடு, பின்னால் மழையில் ஊறிய மண்ணும் சேர்ந்து அழுத்தியது. நல்லவேளை, காலை நேரம், உள்ளே யாரும் இல்லை. அதன்பிறகுதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 10.5 கோடி யூரோ செலவில் பெரிய சீரமைப்புத் திட்டமே வந்தது.

தோண்டியவர்களின் வரலாறும் பெருமைப்படும்படி இல்லை. ஆரம்பத்தில் மண்வெட்டி பிடித்தவர்கள் நேப்பிள்ஸ் அரசருக்காகச் சிலை தேடியவர்கள். நல்ல சுவரோவியம் கிடைத்தால் அதை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அதே எரிமலையில் புதைந்த பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்தில் ஒரு கல்வெட்டின் வெண்கல எழுத்துகளை, வாசகத்தைக் குறித்துக்கொள்ளாமலே பெயர்த்துக் கூடையில் அள்ளிப்போட்டார்கள் என்று ஜெர்மன் அறிஞர் விங்கெல்மன் கொதித்துப்போய் எழுதினார். இரண்டரை நூற்றாண்டு கழித்துப் படிக்கும் எனக்கே வயிறு எரிகிறது. தோண்டிக்கொண்டிருந்த ஊர் பொம்பெயிதான் என்பதே 1763இல் ஒரு கல்வெட்டு கிடைத்தபோதுதான் உறுதியானது. முறையான பதிவும், தெருவாரியான எண்ணும், சாம்பலில் புதைந்து மக்கிய பிணங்கள் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் சாந்து ஊற்றி உருவங்களை வார்க்கும் முறையும் 1860களில் அகழாய்வுப் பொறுப்புக்கு ஃபியோரெல்லி வந்த பிறகுதான்.

அந்த உருவங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தங்க வளையல் வீடு என்ற இடத்தில் ஒரு பெரியவரும் மடியில் ஒரு குழந்தையும். கையில் வளையல் இருந்ததால் தாயும் பிள்ளையும் என்று அரை நூற்றாண்டாகச் சொல்லிவந்தார்கள். 2024இல் வெளியான மரபணு ஆய்வில், அந்தப் பெரியவர் ஆண் என்றும் குழந்தைக்கும் அவருக்கும் இரத்த உறவே இல்லை என்றும் தெரிந்தது. சாந்துக்குள் எலும்பு தங்கியிருந்ததால் இன்று இதைக் கேட்கவாவது முடிந்தது.

ஹெர்குலேனியத்தின் பப்பைரஸ் (நாணல் தாள்) நூல் சுருள்கள் இன்னும் நல்ல சாட்சி. 1752இல் கரிக்கட்டைகளாகக் கிடைத்தவை. விரிக்கப் பார்த்ததில் பல பொடிந்து போயின. விரிக்கப்படாமல் தப்பிய சிலவற்றை இன்று ஊடுகதிரில் படமெடுத்து, கணினியைக் கொண்டு உள்ளே உள்ள மையைத் தேடுகிறார்கள். 2023இல் திறக்காத ஒரு சுருளிலிருந்து முதலில் ஒரு சொல்லைப் படித்தார்கள். சில மாதங்களிலேயே இன்பம் எது என்று பேசும் ஒரு தத்துவ நூலின் பத்திகள் வெளிவந்தன. 18ஆம் நூற்றாண்டில் யாரோ பொறுமையாக ஒதுக்கி வைத்ததால் கிடைத்த வரம் இது. அதே ஊரில், முன்னோர் பொருட்படுத்தாத ஒரு சாக்கடைக் குழியிலிருந்து பிற்காலத்தில் சுமார் 750 சாக்கு மலக் கழிவை அள்ளி ஆராய்ந்தார்கள். சாதாரண மாடிக் குடியிருப்புக்காரர்கள் அத்திப்பழமும் மீனும் முட்டையும் கடல் முள்ளெலியும் சாப்பிட்டது அதிலிருந்துதான் தெரிந்தது. 1750இல் இருந்தவர்களுக்கு அது வெறும் நாற்றம். நமக்கு வெறும் மண்ணாகத் தெரிவது 2150இல் இருப்பவர்களுக்கு என்னவாக இருக்குமோ!

எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், அது வலுவானது. சமீபத்திய அகழாய்வுகள் இல்லாவிட்டால் அடிமைகளின் வாழ்க்கை நமக்கு இவ்வளவு தெரிந்திருக்காது. 2023 டிசம்பரில் ஒரு ரொட்டி அடுமனையைப் பற்றி அறிவித்தார்கள். சின்னஞ்சிறு சன்னல்கள், அவற்றுக்கும் இரும்புக் கம்பி. வீட்டு முற்றத்துக்குத் திறக்கும் ஒரு வழியைத் தவிர வெளியேற வழி கிடையாது. திரிகையைச் சுற்றிவந்த கழுதைகளின் அடி பிசகாதிருக்கத் தரையில் குழிகள். அங்கே மனிதர்களும் விலங்குகளோடு அடைபட்டு மாவரைத்தார்கள். நகரச் சுவருக்கு வெளியே சிவித்தா ஜூலியானா என்ற இடத்தில், மூன்று கட்டில்களும் குதிரைச் சேணச் சாமான்களும் அடைத்த ஓர் அடிமைக் குடும்பத்தின் சிற்றறை 2021இல் கிடைத்தது. ஒரு கட்டில் சிறியது, குழந்தைக்கானது. அங்கே தோண்டியதற்குக் காரணம் கொள்ளையர்கள். சுரங்கம் போட்டுத் திருடிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே ஒருபோதும் மண்வெட்டியை எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. திருட்டைத் தடுக்கத் தோண்டுங்கள். சரியும் மண்மேட்டைத் தாங்கத் தோண்டுங்கள்; 2020இல் உலகமே பேசிய அந்த உணவுக்கடை, வாத்தும் கோழியும் தீட்டிய அடுப்பு மேடையோடு முழுதாக வெளிவந்தது அப்படிப்பட்ட வேலையில்தான். செய்திக்காகவும் கூட்டத்துக்காகவும் தோண்டாதீர்கள், அவ்வளவுதான். கூட்டம் ஏற்கெனவே தாங்கவில்லை: 2024இல் 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள், அந்த நவம்பரில் நாளொன்றுக்கு 20,000 பேர் என்று வரம்பு வைக்க வேண்டியதாயிற்று.

நம்மவர்கள் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனால் தேடிப் பார்க்கும் ஒரு பொருள் உண்டு: இந்தியாவில் செதுக்கப்பட்ட தந்தப் பெண்ணுருவம், லட்சுமி என்றும் யட்சி என்றும் சொல்கிறார்கள். 1938இல் தொல்லியல் அறிஞர் மையூரியின் அகழாய்வில் பெருந்தெருவை ஒட்டிய ஒரு வீட்டில் கிடைத்தது. அந்த வீட்டுக்கே இந்தியச் சிலை வீடு என்று பெயர். கிடைத்த இடம் பதிவாகியிருப்பதால்தான், கடல் கடந்து வந்த அந்தச் சிலை எந்தத் தெருவில், எப்படிப்பட்ட வீட்டில் வைக்கப்பட்டிருந்தது என்று நம்மால் பேச முடிகிறது. 1750இல் அரசரின் ஆட்கள் கையில் சிக்கியிருந்தால் முகவரியில்லாத ஒரு பொம்மையாகியிருக்கும்.

"நம் ஆயுளில் பார்க்காமல் போய்விடுவோமே" என்று ஒரு தோழி வருத்தப்பட்டாள். திறந்திருக்கும் 44 ஹெக்டேரையே யாரும் பார்ப்பதில்லை என்றேன். பெரும்பாலானோர் சதுக்கம், குளியலகம், விலைமாதர் விடுதி என்று இரண்டு மணி நேரத்தில் பஸ் ஏறிவிடுகிறார்கள். வடமேற்குப் பகுதியின் பக்கத்துத் தெருக்களில் ஆளே இல்லை. போகிறவர்கள் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்; முடிந்தால் மறுநாள் ஹெர்குலேனியத்துக்கும் போங்கள், அங்கே கருகிய மரக் கதவுகளும் மாடிகளும் நின்றுகொண்டிருக்கின்றன. வெயிலுக்குத் தொப்பியும், பாவிய கல்லில் வழுக்காத செருப்பும் அவசியம். சுவரோவியங்களைத் தொடாதீர்கள், குழந்தைகளையும் தொட விடாதீர்கள்.