முட்டை மேல் பழி வேண்டாம்

புற்றுநோய்க் கட்டி பிழைக்கவும் வளரவும் புரதங்கள் உதவுகின்றன என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருப்பது சரிதான். ஆனா இதை அரைகுறையாப் படிச்சிட்டு எங்க அம்பாசமுத்திரம் பக்கம் கீமோ எடுக்கிறவங்களுக்கு முட்டையையும் பருப்பையும் நிறுத்திருவாங்க. எங்க அத்தைக்கே அப்படி யோசனை சொன்ன ஆட்கள் உண்டு. சாப்பிடுற புரதம் குடலுக்குள்ள அமினோ அமிலம்ங்கிற சின்னத் துண்டுகளா உடைஞ்சிரும். கட்டுரை சொல்வது, புற்றுசெல் தன் மரபணுப்படி தானே செய்துகொள்ளும் புரதங்களை.

உதாரணத்துக்கு ராஸ். 'வளரு' என்று சைகை வந்தால் திறந்து, வேலை முடிந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய புரதம் அது. மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே போதும், எங்க பக்கத்துக் கன்னடியன் கால்வாய் ஷட்டர் திறந்தபடியே சிக்கிக்கொண்ட மாதிரிதான். யாரும் சொல்லாமலே செல் பெருகிக்கொண்டே இருக்கும். பிசிஎல்-2 என்ற இன்னொரு புரதம் செல்லைச் சாகவிடாது. விஇஜிஎஃப் என்ற புரதம் ரத்தக்குழாய்களைக் கட்டிப் பக்கம் இழுத்துவரும். ராஸை மருந்தால் அடக்கவே முடியாதுன்னு பல வருஷம் நினைச்சிருந்தாங்க. 2021ல்தான் அதன் ஒரு மாற்றத்துக்கு, அதுவும் நுரையீரல் புற்றுக்கு, சோட்டோராசிப் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

கட்டுரையில் இமாட்டினிப் மருந்தை ஏன் விட்டுட்டீங்க? ஒரு வகை ரத்தப் புற்றில் பிசிஆர்-ஏபிஎல் புரதத்தை முடக்கும் மாத்திரை அது. அதன் படிக வடிவத்துக்கு 2013ல் உச்ச நீதிமன்றம் காப்புரிமை மறுத்ததும் நம்ம ஊர் ஆட்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான்.

சாப்பாட்டு அளவை டாக்டர்கிட்ட கேளுங்க. சிறுநீரகக் கோளாறு இருந்தா கணக்கு வேற.