எல்லோருக்கும் ஒரே சம்பளமா?
முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்குள் போனபின் எல்லாச் சிப்பாய்க்கும் ஒரே சம்பளம், ஒரே பாடு என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. பிரிட்டிஷ் காலாட்படைச் சிப்பாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ ஒரு ஷில்லிங் (பழைய பிரிட்டிஷ் நாணயம்). எதிரியின் காலடியில் வெடிமருந்து வைக்க, அவனுக்குக் கீழே மண்ணுக்கடியில் சுரங்கம் தோண்டிய கைதேர்ந்தவனுக்கு 6 ஷில்லிங்! 1915 பிப்ரவரியில், மான்செஸ்டரில் சாக்கடைச் சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்த கூலிக்காரர்களைத் திரட்டி, சில நாட்களிலேயே பிரான்சில் மண்ணுக்குள் இறக்கிவிட்டார்கள். ராணுவப் பயிற்சி என்று பெரிதாக எதுவும் இல்லை. மரச்சட்டத்தில் மல்லாந்து சாய்ந்து, காலால் மண்வாரியை உதைத்துக் களிமண்ணைப் பெயர்ப்பார்கள். கடப்பாரை போட்டால் சத்தம் கேட்டு எதிரி உஷாராகிவிடுவான். சரி, பெயர்த்த மண்ணை மூட்டை கட்டி வெளியே இழுத்தது யார்? பல இடங்களில் உதவிக்கு அனுப்பப்பட்ட காலாட்படைக்காரன்தான், அதே பழைய சம்பளத்தில். மனக்கசப்பு வராமல் இருக்குமா? 1917 ஜூன் 7 அன்று பெல்ஜியத்தின் மெசின் என்ற இடத்தில் ஜெர்மானியர் காலடியில் வெடிமருந்து நிரப்பிய 19 சுரங்கங்கள் வெடித்ததற்குப் பின்னால் இந்த இரண்டு வகைக் கூலியும் இருக்கிறது. அப்புறம், மேலே கருத்துப் பகுதியில் ஒரு நண்பர் சுரங்கக்காரனுக்குக் குண்டு படாத வேலை என்று எழுதியிருக்கிறார். என் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். பாறை முனகினால் பேச்சை நிறுத்திக் காது கொடுப்போம் என்பார். அங்கே பாறை மட்டும்தான் பகை. மெசினில் மண்ணுக்கு அந்தப் பக்கம் ஜெர்மன் சுரங்கக்காரனும் காதை வைத்துக்கொண்டிருந்தான்.