யார் யாருக்குத் தண்ணி காட்டுகிறார்கள்?

மாடு வளர்க்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் தீவனத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்ன புல் போடுகிறாய், அடர்தீவனம் எவ்வளவு, எத்தனை வேளை. தண்ணீரைக் கொட்டகைக்குள் எப்படிக் கொண்டுபோகிறாய் என்று இன்றுவரை ஒருத்தர் கேட்டதில்லை. கொட்டகை கட்டியபோது நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

கூரை உயரம் பார்த்தோம், காற்று வருமா பார்த்தோம், மூத்திரம் ஓட வாட்டம் பார்த்தோம். தண்ணீரா? "குழாய் வெளியிலே இருக்குல்ல, நாலு வாளி தூக்கி ஊத்தினா ஆச்சு" என்றார் கட்டியவர். நாலு வாளியாம்!

கணக்குப் பார்ப்போமே. கறவை மாடு ஒன்றுக்கு நாளைக்கு 70 லிட்டர் என்று வையுங்கள். வெயில் ஏறினால் இன்னும் கூடும். என்னிடம் நாலு கறவை. ஆகமொத்தம் 280 லிட்டர், அதாவது 280 கிலோ. 15 லிட்டர் வாளியில் கிட்டத்தட்ட 19 வாளி. கைக்கு ஒன்றாகத் தூக்கினாலும் பத்து நடை. குழாயிலிருந்து கொட்டகைக்கு நாற்பது அடி, நடுவில் ஒரு வழுக்கல் படி. பாதி நடையில் கால் நனைந்துவிடும், மீதி நடையில் செருப்பு வழுக்கும். இது குடிக்க மட்டும். கழுவ, குளிப்பாட்ட எல்லாம் தனிக் கதை.

தூக்கிக்கொண்டு போய் வைத்தால் ஒரே நிமிஷம். சர்ரென்று உறிஞ்சிவிட்டு, மூஞ்சியிலிருந்து நூல் நூலாகத் தண்ணீர் வடிய, தலையைத் தூக்கி என்னைப் பார்க்கும். "அவ்வளவுதானா?" அடுத்த வாளியை எடுக்கத் திரும்பினால் காலி வாளியைத் தட்டிச் சாணியில் உருட்டிவிட்டிருக்கும். அதைக் கழுவாமல் தண்ணீர் பிடித்துவந்தால் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள் மகராசி. மாட்டுக்குத் தண்ணி காட்டுவது என்பார்கள். இங்கே மாடுதான் எனக்குத் தண்ணி காட்டுகிறது.

சரி, ஹோஸ் போடலாம் என்றால், வெயிலில் கிடந்த ஹோஸிலிருந்து முதலில் வருவது தண்ணீர் இல்லை, வெந்நீர். அது ஓடித் தீரும்வரை நிற்க வேண்டும். அதற்குள் ஒருத்தி ஹோஸை மிதித்துக்கொண்டு நிற்பாள். தண்ணீர் நின்றுவிட்டதே என்று நான் குழாயடிக்கு ஓட, அவள் காலை எடுக்க, அது பாம்பு மாதிரி எகிறித் தீவனம் முழுக்க நனைந்துபோகும்.

அப்புறம்தான் அந்த ஞானோதயம்: தானியங்கிக் குடிகிண்ணம். மாடு மூக்கால் அழுத்தினால் தண்ணீர் வரும், நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம் என்று விற்றவர் சொன்னார். இரண்டு மாட்டுக்கு ஒன்றாக மாட்டினேன். மாடு அழுத்தியது. தண்ணீரும் வந்தது, மூக்கு ஒழுகுகிற மாதிரி. பத்து மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். என் தொட்டி நிற்பதோ ஆறடி மேடையில், 0.2 பார்கூடத் தேறாது. போதாக்குறைக்கு அரை இஞ்ச் பைப், வழியெல்லாம் வளைவு. ஒரு மாடு நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் சாதாரணமாக உறிஞ்சும். அதற்கு இந்தச் சொட்டு யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதிலும் பால் கறந்த கையோடுதான் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுக்கும். அப்போது கடைசிக் கிண்ணத்தில் வெறும் காற்றுச் சத்தம்தான்.

இதில் ஊமைக் கொடுமை ஒன்று உண்டு. ஜோடியில் பெரியவள் கிண்ணத்தை விடமாட்டாள். பக்கத்தில் இருக்கிற முதல் ஈற்றுக்காரி இரண்டு முறை எட்டிப் பார்ப்பாள், கொம்பு திரும்பியதும் பின்வாங்கிவிடுவாள். கத்தவும் மாட்டாள். பால் குறைந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். குடிக்காதவள் எதைக் கறப்பாள்? நானோ நாலு நாளாகத் தீவனத்தைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். மடையன்.

கிண்ணமாவது சுத்தமாக இருக்குமா? வாயில் ஒட்டிய தீவனமெல்லாம் அதில்தான் விழுகிறது. ஒரு நாள் விட்டால் புளிப்பு வாடை, இரண்டு நாள் விட்டால் விரலில் வழவழவென்று ஒட்டும். தினமும் பிரஷ் போட்டுத் தேய்க்கிறேன். தானியங்கியாம், தானாக இயங்குவது நான் மட்டும்தான்! தொட்டியில் இருக்கிற மிதவை வால்வு வேறு அவ்வப்போது சிக்கிக்கொள்ளும். மூடியபடி சிக்கினால் தொட்டி காலி. திறந்தபடி சிக்கினால் விடிகாலையில் வாசலெல்லாம் குளம்.

"வாயில்லா ஜீவன், சமாளிச்சுக்கும்" என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வரும்போது ஆளுக்கு இரண்டு வாளி தூக்கிக்கொண்டு வாருங்கள்.

இப்போதைக்கு உள்ளே ஒரு 200 லிட்டர் டிரம் வைத்து, ராத்திரியே நிரப்பி, அதிலிருந்து மொண்டு ஊற்றுகிறேன். நாற்பது அடி நடை நாலடி ஆகியிருக்கிறது. ஒன்றே கால் இஞ்ச் பைப்பும் வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தாயிற்று. புதைக்கத் தரையை உடைக்க வேண்டும். ஆறு இஞ்ச் கனத்துக்குக் கான்கிரீட். அதில் மட்டும் அன்றைக்கு ஒருத்தரும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.