முப்பதுக்கு நாற்பது மனையில் கார் ஷெட்டும் பட்டறையும்
வீட்டு மனையில் கார் ஷெட்டும் தச்சுப் பட்டறையும் அமைப்பது பற்றிய ஒரு கட்டுரை, இரண்டையும் மனையின் பின்பக்கம் தள்ளச் சொல்கிறது. ஒரு கிரவுண்டுக்கு, அதாவது 2400 சதுர அடிக்கு, அது சரி. அரை கிரவுண்டுக்கு, அதாவது முப்பதுக்கு நாற்பது மனைக்கு, ஒத்துவராது. 30 அடி அகலத்தில் கார் பின்னால் போக 9, 10 அடி வழி விட்டால் மூன்றில் ஒரு பங்கு வெறும் பாதையாகிவிடும்.

காரை முன்னாலேயே நிறுத்துங்கள், அதே நேர்கோட்டில் பின்னால் பட்டறை வையுங்கள். ஸ்விஃப்ட் மாதிரிக் கார் ஏறத்தாழ 12.7 அடி நீளம், 5.7 அடி அகலம். கதவு திறக்க இருபுறமும் இடம் சேர்த்தால் 10 அடி அகலம் வேண்டும். பட்டறைக்கோ அகலத்தைவிட நீளம்தான் முக்கியம். 8 அடி பிளைவுட்டை நீளவாக்கில் டேபிள் ரம்பத்தில் விட்டால் முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி வேண்டும். கார் நிற்கும் இடத்துக்கும் பட்டறைக்கும் நடுவே சுவர் வைக்காமல் ஷட்டர் போட்டால், காரை வெளியே எடுத்ததும் அந்த இடமே கிடைத்துவிடும்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதே இல்லை: போர்வெல் மேல் தயவுசெய்து நிரந்தரக் கூரை போடாதீர்கள். மோட்டார் பழுதானால் குழாயை மேலே தூக்கி வெளியே எடுத்தாக வேண்டும்; ஷீட்டைக் கழற்றும்படியாவது விடுங்கள். செப்டிக் டேங்க் மூடி மேல் கார் ஏறவும் கூடாது.

கூரைச் சரிவு உங்கள் மனைக்குள்ளேயே இறங்கட்டும். பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் விழுந்தால் முதல் மழையிலேயே சண்டைதான். மனை எல்லையிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற விதியை வரைபடம் போடும்முன் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தகர ஷெட்தானே என்று விடவேண்டாம்.