டில்டே குறி இடைவெளியின் அகலத்தைப் பூட்டாது

லேடெக் (LaTeX) என்ற ஆவண அச்சமைப்பு மென்பொருளில் இரண்டு சொற்களுக்கு நடுவே டில்டே (~) போட்டால் அந்த இடைவெளியின் அகலம் மாறவே மாறாது என்று ஒரு கருத்து இருக்கிறது. பலரும் அதையே எடுத்துச் சொல்கிறார்கள். அது சரியல்ல.

டில்டே அந்த இடத்தில் வரி உடையாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். "25~கிலோ" என்று எழுதினால் எண் ஒரு வரியிலும் கிலோ அடுத்த வரியிலும் போகாது. ஆனால் இருபுறமும் சீராக அமைந்த பத்தியில் மற்ற இடைவெளிகள் விரிந்தால் இதுவும் விரியும், சுருங்கினால் சுருங்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் விரிந்த வரியில் அந்த ஒரு இடைவெளி மட்டும் ஒடுங்கி நின்று கண்ணை உறுத்தும்.

நீங்களே பார்க்கலாம். சொற்களைக் குறித்த அகலமுள்ள பெட்டியில் வைக்கும் மேக்பாக்ஸ் (\makebox) கட்டளையில் அகலம் 8 செ.மீ., அமைவு 'எஸ்' (s, பெட்டி நிறைய விரித்தல்) என்று கொடுத்து, உள்ளே "மழை~வந்தது நேற்று" என்று எழுதி ஓட்டுங்கள். இரண்டு இடைவெளிகளும் ஒரே அளவில் நீண்டிருக்கும். டில்டேவை எடுத்துவிட்டு வெறும் இடைவெளி போட்டாலும் அதே தோற்றம்தான்.

உடையவும் கூடாது, அகலமும் மாறக் கூடாது என்றால் பின்சாய்கோடும் காற்புள்ளியும் சேர்ந்த (\,) மெல்லிய இடைவெளி இருக்கிறது. அப்புறம், பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் விரியக்கூடிய உடையா இடைவெளியும் அகலம் மாறாத உடையா இடைவெளியும் தனித்தனி எழுத்துகளாகவே மெனுவில் உள்ளன. குழப்பம் அங்கிருந்தும் வந்திருக்கலாம்.