இரட்டை முனைவாக்க ரேடார் மழையை நேரடியாக அளப்பதில்லை

“அமெரிக்காவில் 2013-க்குள் ரேடார்களை இரட்டை முனைவாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள், இனி மழைமானி தேவையில்லை” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மாற்றியது உண்மை. இரட்டை முனைவாக்கம் என்றால் கிடைமட்டமாக அதிரும் அலை, செங்குத்தாக அதிரும் அலை இரண்டையும் அனுப்பிப் பார்ப்பது. மழைமானி தேவையில்லை என்பது தவறு.

ரேடாருக்குக் கிடைப்பது எதிரொலி மட்டும்தான். அந்த எதிரொலி துளி விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. 4 மி.மீ. துளி ஒன்று, 1 மி.மீ. துளிகள் 4,096 சேர்ந்து தரும் எதிரொலியைத் தரும். ஆனால் அதில் இருப்பது 64 துளிகளின் தண்ணீர்தான். பழைய ரேடார் இங்கேதான் ஏமாந்தது.

பெரிய துளி விழும்போது பன் மாதிரி அடி தட்டையாகிவிடும். அதனால் கிடைமட்ட அலையின் எதிரொலி செங்குத்து அலையுடையதைவிட வலுவாக வரும். அந்த வித்தியாசத்தை வைத்துத் துளியின் அளவைக் கணிக்கலாம் என்று 1976-இல் செலிகா, பிரிங்கி என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அருமையான யோசனை! கனமழையில் இரு அலைகளின் கட்ட வேறுபாடும் (ஓர் அலை மற்றதைவிட எவ்வளவு பின்தங்குகிறது என்பது) பெரிதும் கைகொடுக்கும். ஆலங்கட்டி கலந்திருந்தாலும் அது அவ்வளவாகக் குழம்பாது.

சரி, ஆனால் 0.5 டிகிரி சாய்வில் போகும் கற்றை 100 கி.மீ. தொலைவில் தரையிலிருந்து சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே துளி ஆவியாகலாம், காற்றில் நகரலாம். அதனால்தான் இன்றும் ரேடார் கணிப்பை மழைமானி அளவோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள்.